வெளிநாட்டு டென்னிஸ் கிளப்புடன் நட்பு ஆட்டம்: எப்படி நடத்தினால் நட்பு நிஜமாகும்?

வலைக்கருகே:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கிளப்புக்கு வெளிநாட்டு டென்னிஸ் கிளப் ஒன்றிலிருந்து ஒரு அணி விருந்தாளியாக வருகிறது. ஆண்கள், பெண்கள், அறுபதைத் தாண்டியவர்கள், சில இளையோர் என்று கலந்த அணி. அடுத்த சீசனில் நாங்கள் அங்கே போவதாகப் பேச்சு. நடத்தும் பொறுப்பு என் தலையில் வந்திருக்கிறது, சந்தோஷமாகவே எடுத்துக்கொண்டேன்.

கமிட்டியில் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு, நாடுகளின் அணிகள் மோதும் டேவிஸ் கோப்பையின் பழைய பாணியில் நான்கு சிங்கிள்ஸ், ஒரு டபுள்ஸ், கொடி, கோப்பை, பரிசளிப்பு எல்லாம் வேண்டும். இன்னொரு கட்சி, போட்டியே வேண்டாம், சும்மா கலந்து ஆடிவிட்டுப் பேசிக்கொண்டிருக்கலாம் என்கிறது. முதல் வழியில் போனால் இரண்டு அணியும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, தங்கள் ஆளுக்கு மட்டும் கைதட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார்களோ என்று தோன்றுகிறது. இரண்டாவது வழியில் நன்றாக ஆடுகிறவர்கள் மதியத்துக்குள் சலித்துப்போவார்கள்.

இப்படி நடத்தியவர்கள், வெளிநாட்டுக் கிளப்புகளோடு ஆடியவர்கள் வழி சொல்லுங்கள்.

மண்தளம்:

நல்ல வேலை கையில் வந்திருக்கிறது, வாழ்த்துகள்.

இதற்கென்றே நூறு வருஷத்து மரபு ஒன்று இருக்கிறது. 1924ல் லண்டனில் ஏ. வாலிஸ் மயர்ஸ் என்ற டென்னிஸ் பத்திரிகையாளர் இன்டர்நேஷனல் லான் டென்னிஸ் கிளப்பைத் தொடங்கினார். சுருக்கமாக ஐ.சி. என்பார்கள். முதல் உலகப் போர் முடிந்து ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது. வெளிநாடு போய்ப் போட்டிகளில் ஆடிய அனுபவம் உள்ளவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். வருகிற வெளிநாட்டு ஆட்டக்காரர்களை வரவேற்பது, அவர்களோடு ஆடுவது, பதிலுக்கு அங்கே போவது, இதுதான் அந்தக் கிளப்பின் வேலையே. 1929ல் பிரான்ஸும் 1931ல் அமெரிக்காவும் இதே மாதிரி தொடங்கின. இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஐ.சி. இருக்கிறது. வலையைத் தாண்டிக் கை நீட்டுவோம், கடலைத் தாண்டிக் கை நீட்டுவோம் என்பது அவர்களுடைய முழக்கம்.

பிரான்ஸின் ழான் பொரோத்ராவைப் பற்றி இங்கே சொல்லியே ஆகவேண்டும். 1924லும் 1926லும் விம்பிள்டன் சாம்பியன். பட்டங்கள் வாங்கி ஓய்ந்துவிடவில்லை. நன்றாக வயதான பிறகும் பிரிட்டன், பிரான்ஸ் ஐ.சி.களுக்கு இடையிலான ஆட்டங்களுக்கு விடாமல் வந்து ஆடினார். விளையாட்டுப் பண்புக்காக ஐ.சி.கள் கொடுக்கும் விருது அவர் பெயரில்தான் இருக்கிறது.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அவர்கள் வருவதும் நீங்கள் போவதும் சேர்ந்துதான் ஒரு நிகழ்ச்சி. ஒரு தடவை வந்து போனால் அது சுற்றுலா. பதில் பயணத்துக்கு உத்தேசமாக ஒரு தேதியை இப்போதே பேசி முடித்துவிடுங்கள். மறுபடி பார்க்கப்போகிறோம் என்று தெரிந்தால் ஆட்கள் பழகும் விதமே வேறு.

இன்னொன்று. டேவிஸ் கோப்பை பாணியை அவ்வளவு சுலபமாக ஒதுக்காதீர்கள். 1900ல் ட்வைட் டேவிஸ் கொடுத்த கோப்பைக்காக பாஸ்டன் பக்கத்து லாங்வுட் கிரிக்கெட் கிளப்பில் அமெரிக்காவும் பிரிட்டிஷ் தீவுகளும் ஆடியபோது, அதுவும் ஒரு கிளப் மைதானத்தில் விருந்தாளிகளோடு ஆடிய ஆட்டம்தான்.

பேஸ்லைன்வாசி:

போட்டி வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விருந்தாளி என்பதற்காகப் பந்தை மெதுவாகப் போட்டுக் கொடுத்தால் எதிரில் நிற்பவருக்கு உடனே தெரிந்துவிடும். அதைவிட அவமரியாதை கிடையாது. முழு மூச்சாக ஆடி, மூன்றாவது செட் டை-பிரேக்கில் தோற்று, வியர்வை வழிய வலைக்கு வந்து கை குலுக்கும்போது ஒரு மரியாதை பிறக்கிறது பாருங்கள், அதுதான் நட்புக்கு முதல் படி.

விளையாட்டுப் பண்பு கூட ஜெயிக்க வேண்டும் என்ற வெறி இருக்கிற இடத்தில்தான் வெளியே தெரியும். 1982 பிரெஞ்சு ஓப்பன் அரையிறுதியை எடுத்துக்கொள்ளுங்கள். மாட்ஸ் விலாண்டருக்கு 17 வயது. எதிரில் ஹோசே லூயிஸ் கிளெர்க். இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் விலாண்டருக்கு வெற்றி என்ற மேட்ச் பாயிண்டில் கிளெர்க்கின் பந்து வெளியே என்று அறிவித்து, ஆட்டம் முடிந்தது என்றும் அம்பயர் சொல்லிவிட்டார். பந்து உள்ளே விழுந்ததாகவே விலாண்டருக்குத் தோன்றியது. அந்தப் புள்ளியைத் திரும்ப ஆடலாம் என்று அவரே கேட்டார். திரும்ப ஆடி, அதையும் ஜெயித்து, இறுதி ஆட்டத்தில் கில்லெர்மோ வில்லாஸையும் தோற்கடித்துப் பட்டத்தோடு போனார்.

நேர்மையாக இருந்தால் கடைசியில் ஜெயிப்போம் என்று குழந்தைகளுக்குச் சொல்ல இது வசதியான கதை. ஆனால் எனக்கு இதைவிடப் பிடித்தது 2005 ரோம். ஆண்டி ராடிக்குக்கு மூன்று மேட்ச் பாயிண்ட். வெர்டாஸ்கோவின் இரண்டாவது சர்வ் அவுட் என்று லைன் அம்பயர் கூப்பிட்டார். டபுள் ஃபால்ட், ஆட்டம் முடிந்தது, வெர்டாஸ்கோ கை குலுக்க வலைக்கு வந்தாயிற்று. ராடிக் களிமண்ணில் இருந்த பந்தின் தடத்தைக் காட்டி, லைனில் பட்டிருக்கிறது, சர்வ் சரி என்றார். அப்புறம் வெர்டாஸ்கோ மீண்டு வந்து அந்த ஆட்டத்தையே ஜெயித்தார். ராடிக் தோற்றார். நேர்மைக்கு விலை உண்டு என்று தெரிந்தே கொடுத்தவர் அவர். நம் பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான்.

டியூஸ்தோழி:

பேஸ்லைன்வாசி அண்ணா சொன்னதில் பாதிக்கு மேல் ஒப்புக்கொள்கிறேன். சிங்கிள்ஸில் மரியாதை பிறக்கும், சரி. ஆனால் பேச்சு பிறப்பது டபுள்ஸில். அதுவும் வலையின் ஒரே பக்கத்தில் நிற்கும்போது.

என் யோசனை: முதல் நாள் முழுக்க டபுள்ஸ். ஒவ்வொரு ஜோடியிலும் நம் கிளப்பிலிருந்து ஒருவர், அவர்கள் கிளப்பிலிருந்து ஒருவர். சீட்டுக் குலுக்கி ஜோடி போடுங்கள், இல்லையென்றால் தெரிந்த ஆட்களாகச் சேர்ந்துகொள்வார்கள். நான்கு கேம் செட், முடிந்ததும் ஜோடி மாற்றம். இரண்டு சர்வுக்கு நடுவில் பின்னால் வந்து ‘நான் நடுவில் போடுகிறேன், நீங்கள் வலையில் குறுக்கே போங்கள்’ என்று சொல்லியாக வேண்டுமே. மொழி வராதவர்கள் கூட விரலைக் காட்டி, ராக்கெட்டைக் காட்டிப் புரியவைப்பார்கள். மாலைக்குள் எல்லோரும் எல்லோரோடும் ஒரு ஆட்டமாவது ஒரே பக்கத்தில் நின்று ஆடியிருப்பார்கள்.

ஆல்தியா கிப்சன், ஏஞ்சலா பக்ஸ்டன் கதை இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். ஒருவர் அமெரிக்கக் கறுப்பினப் பெண், இன்னொருவர் பிரிட்டிஷ் யூதப் பெண். இருவரையுமே சுற்றியிருந்த டென்னிஸ் உலகம் தள்ளியே வைத்திருந்தது. 1956ல் ஜோடி சேர்ந்து பிரெஞ்சு பட்டத்தையும் விம்பிள்டன் பட்டத்தையும் வென்றார்கள். நாற்பது வருஷம் கழித்து, கிப்சன் நோயிலும் பண நெருக்கடியிலும் இருந்தபோது யாரைக் கூப்பிட்டார்? பக்ஸ்டனைத்தான். பக்ஸ்டன் ஒரு டென்னிஸ் பத்திரிகை வழியாக விஷயத்தைத் தெரியப்படுத்த, பல நாடுகளிலிருந்து உதவி வந்து சேர்ந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கசப்பாக இருந்தாலும். கிளப் என்றாலே நட்பு வளர்க்கும் இடம் என்று நாமாகவே எடுத்துக்கொள்ளக் கூடாது. அமைதிக்கான நோபல் பரிசு வாங்கி, ஐ.நா.வில் பெரிய பொறுப்பில் இருந்தவர் ரால்ஃப் பஞ்ச். 1959ல் அவருடைய மகனுக்கு நியூயார்க்கின் வெஸ்ட் சைட் டென்னிஸ் கிளப்பில் உறுப்பினராக இடமில்லை என்று சொன்னார்கள். காரணம் நிறம். அமெரிக்கத் தேசியப் போட்டி நடந்த அதே கிளப்! விஷயம் வெளியே வந்து கண்டனம் கிளம்பிய பிறகுதான் கிளப் இறங்கி வந்தது.

வலைக்கருகே சார், அதனால்தான் கேட்கிறேன். உங்கள் பக்கத்து அணியை யார் தேர்வு செய்கிறார்கள்? கமிட்டிக்கு வேண்டியவர்கள் மட்டும்தானா? பந்து பொறுக்கும் பையன், கோர்ட் பராமரிக்கும் அண்ணன், தினமும் சுவரில் அடித்துப் பழகும் பெண் பிள்ளை, இவர்களுக்கு அதில் இடம் உண்டா?

சரியானலைன்:

டியூஸ்தோழியின் கலப்பு ஜோடிக்கு என் ஓட்டு.

நட்பு ஆட்டங்கள் எங்கே கெடுகின்றன என்று பார்த்தால் பெரும்பாலும் லைனில்தான். அம்பயர் இல்லாத ஆட்டம். அவரவர் பக்கத்தில் விழும் பந்தை அவரவரே கூப்பிட வேண்டும். பெரிய போட்டிகளில் இப்போது கருவி பார்த்துக்கொள்கிறது. 2025ல் விம்பிள்டனே லைன் அம்பயர்களை நிறுத்திவிட்டது. நம் கிளப் கோர்ட்டில் கண்ணும் மனசாட்சியும்தான். எனவே முதல் பந்து போடுவதற்கு முன்பே இரண்டு அணியையும் சேர்த்து நிறுத்தி விதிகளைச் சொல்லிவிடுங்கள்:

பந்து லைனின் எந்தப் பகுதியைத் தொட்டாலும் உள்ளே. அவுட் என்று தெளிவாகப் பார்த்தால் மட்டுமே அவுட். சந்தேகம் இருந்தால் புள்ளி எதிராளிக்கு. ‘தெரியவில்லை, திரும்ப ஆடலாம்’ என்று கேட்கிற பழக்கமே வேண்டாம். டபுள்ஸில் ஒருவர் உள்ளே என்று சொல்லி இன்னொருவர் வெளியே என்று சொன்னால், பந்து உள்ளே. சொல்வதை உடனே, சத்தமாகச் சொல்ல வேண்டும். மொழி வேறு என்பதால் கை சைகையும் சேர்த்து: அவுட்டுக்கு ஆள்காட்டி விரல் மேலே, உள்ளே என்றால் உள்ளங்கை தரையைப் பார்த்து.

ஸ்கோரை ஒவ்வொரு புள்ளிக்கும் முன்னால் சர்வ் போடுகிறவர் எதிராளிக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டும். முப்பதா நாற்பதா என்று பாதியில் வரும் தகராறு முக்கால்வாசி இதிலேயே போய்விடும். சின்ன யோசனை: ஸ்கோரை எதிரணியின் மொழியில் சொல்லச் சொல்லுங்கள். ஐந்தாறு வார்த்தைகள்தான். உச்சரிப்பு தப்பினால் எதிர்ப்பக்கத்திலிருந்து சிரித்துக்கொண்டே திருத்துவார்கள். இறுக்கம் தளர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஒரே ஒரு பந்தை மட்டும் மனதில் ஓட்டிப் பாருங்கள். இரண்டாவது சர்வ், உடம்பைவிட்டு விலகிச் சைடு லைன் ஓரமாக விழுகிறது. ஹார்ட் கோர்ட், தடம் இருக்காது. வாங்குகிறவர் ராக்கெட்டை நீட்டியபடி ஓடிக்கொண்டிருக்கிறார், அவர் கண் பந்தில் இருக்கிறதே தவிர லைனில் இல்லை. அவருடைய ஜோடி சர்வ் லைன் பக்கம் நிற்கிறார், சைடு லைன் அவருக்குச் சாய்வாகத்தான் தெரியும். இரண்டு பேருமே உறுதியாகப் பார்க்காத பந்து. ஸ்கோர் முப்பது-நாற்பது. அவுட் என்றால் கேம் கிடைத்துவிடும். இந்த இடத்தில் வாங்குகிறவர் உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டிவிட்டால், எதிர் ஜோடி அடுத்த ஒரு மணி நேரத்துக்கு இதே நேர்மையோடுதான் ஆடும். அவுட் என்று விரலைத் தூக்கிவிட்டால் அவர்கள் முகம் மாறும், அடுத்த சந்தேகப் பந்து அவர்கள் பக்கம் விழும்போது என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஓரப்பந்து:

எல்லோரும் நல்லதே எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் குறுக்கே பேசுகிறேன், மன்னிக்கவும்.

இரண்டு நாட்டுக்கும் நடுவில் உரசல் இருந்தால் என்ன செய்வது? 2022ல் போர் தொடங்கிய பிறகு உக்ரைன் வீராங்கனைகள் ரஷ்ய, பெலாரஸ் ஆட்டக்காரர்களோடு கை குலுக்குவதில்லை. 2023 பிரெஞ்சு ஓப்பனில் கோஸ்ட்யுக்கும், அப்புறம் ஸ்விடோலினாவும் பெலாரஸின் சபலென்காவுக்குக் கை கொடுக்காமல் போனபோது கூட்டம் கூச்சல் போட்டது. வீட்டில் குண்டு விழுகிறவரிடம் போய் ‘விளையாட்டுப் பண்பு எங்கே’ என்று கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கை குலுக்கலை யாரிடமும் பிடுங்கி வாங்க முடியாது.

நம் நாட்டு உதாரணமும் உண்டு. 1974ல் இந்தியா டேவிஸ் கோப்பை இறுதிக்குப் போயிற்று. எதிரில் தென்னாப்பிரிக்கா. நிறவெறி ஆட்சியை எதிர்த்து இந்தியா ஆட மறுத்தது, கோப்பை ஆடாமலே அவர்களுக்குப் போனது. விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் இருந்த அணி. கோப்பைக்கு அவ்வளவு பக்கத்தில் போயும் விட்டுக்கொடுத்தார்கள். ஆடாமல் இருந்ததும் விளையாட்டுப் பண்புதான் என்பேன்.

ஆகவே நட்பு, நட்பு என்று மேடையில் முழங்குவதற்கு முன்னால், யாருக்கு எது வலிக்கும் என்று விசாரித்து வையுங்கள்.

மண்தளம்:

ஓரப்பந்து, மன்னிப்பு எதற்கு? கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

ஜெர்மனியின் காட்ஃபிரீட் வான் கிராம். 1935 டேவிஸ் கோப்பையில் அமெரிக்காவுக்கு எதிரான டபுள்ஸ், மேட்ச் பாயிண்ட். அவருடைய ஜோடியான கை லுண்ட் என்பவர் அடித்த பந்தில் ஆட்டம் முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். பந்து தன் ராக்கெட்டில் உரசிவிட்டது என்று வான் கிராம் தானாகவே அம்பயரிடம் சொன்னார். வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. புள்ளி போயிற்று, ஆட்டமும் போயிற்று. நாஜி ஆட்சி நடந்த நாட்டுக்கு ஆடியவர், அந்தக் கட்சியில் சேர மறுத்தவர்.

1937ல் அதே டேவிஸ் கோப்பையில் அமெரிக்காவின் டான் பட்ஜிடம் ஐந்து செட் ஆடி, கடைசி செட்டை 8-6ல் இழந்தார். 1938ல் ஓரினச் சேர்க்கைக் குற்றச்சாட்டில் நாஜிகள் அவரைச் சிறையில் போட்டபோது, விடுதலை கேட்டு விளையாட்டு வீரர்களிடம் கையெழுத்து வாங்கியவர் அதே பட்ஜ். அரசுகள் எதிரெதிராகப் போய்க்கொண்டிருந்த நேரம் அது. இன்று 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கான உலக அணிப் போட்டிக் கோப்பைக்கு வான் கிராம் பெயர்தான். உங்கள் விருந்தாளி அணியில் அறுபதைத் தாண்டியவர்கள் இருக்கிறார்கள் என்றீர்களே, அவர்களிடம் இந்தக் கோப்பையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், பேச்சு நிற்காது.

அரசுகள் பகையாக இருக்கும்போது ஆட்டக்காரர்கள் என்ன செய்யலாம் என்பதற்கு ரோஹன் போபண்ணாவும் பாகிஸ்தானின் ஐசாம்-உல்-ஹக் குரேஷியும் இருக்கிறார்கள். 2010 யு.எஸ். ஓப்பன் டபுள்ஸ் இறுதிவரை போனார்கள். போரை நிறுத்து, டென்னிஸ் ஆடு என்று எழுதிய உடையோடு நடந்தார்கள். இறுதி ஆட்டத்தில் இரு நாடுகளின் ஐ.நா. தூதர்களும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தார்கள். எல்லை அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அந்த ஜோடியை யாரும் மேடை போட்டு உருவாக்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து நன்றாக ஆட முடிந்தது, அதனால் சேர்ந்தார்கள்.

இளையோர்கோச்:

நான் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவன். இரண்டே விஷயம்.

பார்வையாளர் பகுதியில் இரண்டு அணிக்கும் தனித்தனி நாற்காலி வரிசை போடாதீர்கள். அப்புறம், பெற்றோரிடம் முன்பே சொல்லுங்கள்: எதிராளி டபுள் ஃபால்ட் போட்டால் கைதட்டக் கூடாது, நல்ல பந்து யார் அடித்தாலும் தட்ட வேண்டும், வேலிக்கு வெளியிலிருந்து லைன் கூப்பிடக் கூடாது. பிள்ளைகள் பன்னிரண்டு வயதில் லைனில் ஏமாற்றக் கற்றுக்கொள்வது பெரும்பாலும் வேலிக்கு வெளியே நிற்கும் முகத்தைப் பார்த்துத்தான். நம் முகம் தோல்வியில் சுருங்கினால் அது தெரிந்துவிடும்.

வலைக்கருகே:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இதை அச்செடுத்துக் கமிட்டியில் வைத்தேன், நீண்ட நேரம் பேசினோம். இப்போதைக்கு முடிவானது:

முதல் நாள் கலப்பு ஜோடி டபுள்ஸ், சீட்டுக் குலுக்கல், நான்கு கேம் செட். இரண்டாம் நாள் காலை விளையாட்டு எதுவும் இல்லை. விருந்தாளிகள் உறுப்பினர்களின் வீடுகளில் தங்குவதால் அந்தந்தக் குடும்பத்தோடு இருப்பார்கள். மாலையிலிருந்து மூன்றாம் நாள் வரை முறையான அணி ஆட்டம், ஆறு சிங்கிள்ஸ், மூன்று டபுள்ஸ். அதில் யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. கோப்பை உண்டு, தனிநபர் பரிசு கிடையாது. கொடியும் உரைகளும் வேண்டாம் என்று எங்கள் தலைவரே சொல்லிவிட்டார்.

டியூஸ்தோழி, உங்கள் கேள்வியை அப்படியே வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அணியில் இரண்டு இடத்தை உறுப்பினர் அல்லாதவர்களுக்கு ஒதுக்குவது என்று தீர்மானம் ஆயிற்று. கோர்ட் பராமரிக்கும் அண்ணன் எங்கள் பாதிப் பேரைவிட நன்றாக ஆடுவார். அவருக்கு ஒரு இடம்.

ஒரு சந்தேகம் மிச்சம். எல்லாம் சொல்லி வைத்தும் அவர்கள் பக்கத்து ஒருவர் தொடர்ந்து தப்பாக அவுட் கூப்பிட்டால்? விருந்தாளியிடம் என்னவென்று சொல்வது?

சரியானலைன்:

முதல் தடவை, ‘உறுதியாகப் பார்த்தீர்களா?’ என்று ஒரே ஒரு முறை கேட்கலாம். ஆமாம் என்றால் அதோடு விட்டுவிட்டு அடுத்த புள்ளிக்குப் போங்கள். மறுபடி மறுபடி நடந்தால் ஆட்டக்காரர் வாயைத் திறக்க வேண்டாம். இரண்டு கேப்டன்களும் பேசி, அந்தக் கோர்ட்டுக்கு மட்டும் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொருவரை லைன் பார்க்க உட்கார வையுங்கள். நம் ஆள் பழிக்குப் பழியாக ஒரு பந்தைக்கூட அவுட் கூப்பிடக் கூடாது, அதை மட்டும் உங்கள் அணியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். முக்கால்வாசி நேரம் அவர்களுடைய கேப்டனே அந்த ஆளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசிவிடுவார்.

லைன் பார்க்க உட்காருகிறவர்களில் ஒருவர் அறுபதைத் தாண்டியவராக இருக்கட்டும். அவர் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் தப்பாக விரலைத் தூக்க மனம் வராது.

டியூஸ்தோழி:

கோர்ட் அண்ணனை முதல் நாள் குலுக்கலில் அவர்கள் கேப்டனோடு ஜோடி சேர விடுங்கள் என்று கேட்க ஆசை. ஆனால் குலுக்கல் என்றால் குலுக்கல்தான். என்ன விழுந்தது என்று வந்து எழுதுங்கள் சார்.